மூன்று தண்ணீரும் ஒரு மீன்தொட்டியும்

உத்தனப்பள்ளியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், வாடகையைச் சொல்வதற்கு முன்பே வீட்டுக்காரர் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுவார். "போர் தண்ணி எப்பவும் வரும். ஒகேனக்கல் தண்ணி விட்டு விட்டுத்தான் வரும், புடிச்சு வெச்சுக்குங்க. குடிக்கக் கேன் போட்டுக்குங்க." ஓசூர்–ராயக்கோட்டை சாலையில் புதிதாக எழும்பியிருக்கும் வீடுகளில் எல்லாம் இதே ஏற்பாடுதான். துணிக்கும் பாத்திரத்துக்கும் ஒரு தண்ணீர், சோறு வடிக்க ஒன்று, குடிக்க ஒன்று என்று குடிவந்த ஒரு வாரத்தில் பழகிவிடுகிறோம். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று ஒரு கண்ணாடித் தொட்டியை வாங்கி வைத்து, பிளாஸ்டிக் பையில் துள்ளும் கப்பி மீன்களோடு வீட்டுக்குள் நுழையும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. இந்த மூன்றில் மீனுக்கு எது?

எங்கள் வீட்டில் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஞாயிற்றுக்கிழமை மீன்களை ஒரு மக்கில் எடுத்து வைத்துவிட்டு, தொட்டியை முழுக்கக் கவிழ்த்து, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, அன்று காலை வந்த ஒகேனக்கல் தண்ணீரை நிரப்பி மீன்களைத் திரும்ப விட்டோம். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. அரை மணி நேரத்தில் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் மூடி விரிந்து, உள்ளே செக்கச்செவேல் என்று தெரிந்தது. சாயங்காலத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மகள் அன்று இரவு சாப்பிடவில்லை. அவளுக்குச் சரியான காரணம் சொல்ல வேண்டும் என்றுதான் தண்ணீரைப் படிக்க ஆரம்பித்தேன்.

அன்று கொன்றது குளோரின். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலப்பது நமக்குக் காலராவும் வயிற்றுப்போக்கும் வராமல் இருக்கத்தான். இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயத்தின்படி, கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சி இருக்க வேண்டும். கடைசி வீட்டில் அவ்வளவு நிற்க வேண்டுமென்றால் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் கூடுதலாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடுவார்கள். அந்த அளவு நம் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது. மீனோ அந்தத் தண்ணீரைச் சுவாசிக்கிறது.

மீனின் செவுள் என்பது சீப்புப் பற்கள் மாதிரி அடுக்கடுக்காக நிற்கும் மெல்லிய இதழ்கள். ஒவ்வொரு இதழிலும் இன்னும் நுணுக்கமான மடிப்புகள் உண்டு. அந்த மடிப்புகளில் ரத்தத்துக்கும் வெளித்தண்ணீருக்கும் நடுவே இருக்கும் தோல், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் சில கூறு கனம்தான். ரத்தம் ஒரு திசையிலும் தண்ணீர் எதிர்த்திசையிலும் ஓடுவதால், தண்ணீரில் கரைந்திருக்கும் சொற்ப ஆக்சிஜனையும் மீன் வாரி எடுத்துக்கொள்கிறது. இத்தனை மெல்லிய திரையில் குளோரின் பட்டால் வெந்துவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் மூச்சுத் திணறும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூற்றில் சில பங்கு இருந்தாலே நாள்படச் செவுள் புண்ணாகத் தொடங்கும்.

நல்லவேளையாக, மூன்று தண்ணீரின் குறைகளில் இதுதான் சுலபமாகத் தீரக்கூடியது. வாய் அகன்ற டிரம்மில் பிடித்து மூடாமல் ஒரு நாள் வைத்து, உள்ளே ஏர் பம்ப்பின் கல்லைப் போட்டுவிட்டால் குளோரின் காற்றோடு போய்விடும். அவசரம் என்றால் ஹைப்போ. அந்தக் காலத்து போட்டோ ஸ்டூடியோக்களில் படம் கழுவப் பயன்படுத்திய அதே சோடியம் தயோசல்பேட் படிகம்தான். மீன் கடையில் 'ஆன்டி குளோரின்' என்று சின்னக் குப்பியில் விற்பதில் பெரும்பாலும் இதன் கரைசல்தான் இருக்கும். ஒரு மில்லிகிராம் குளோரினை அடக்க ஏறக்குறைய ஏழு மில்லிகிராம் ஹைப்போ போதும். 100 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வீதம் குளோரின் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் படிகம் தாராளமாகப் போதும். இப்போதெல்லாம் தெருவில் டேங்க் ஆபரேட்டரைப் பார்த்தால், "அண்ணே, பவுடர் போட்டீங்களா?" என்று கேட்டுவிடுவேன். "காலையிலதான் போட்டேன் சார், மீனுக்குன்னா நாளைக்குப் புடிச்சுக்குங்க" என்பார். இதைவிட நல்ல சோதனைக் கருவி எனக்குத் தெரியாது.

ஒகேனக்கல் தண்ணீர் இந்த ஊருக்கு வந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடியில் கிடப்பது கருங்கல்லும் அதன் இனப் பாறைகளும். அவற்றில் ஃப்ளோரைடு கலந்த தாதுக்கள் உண்டு. ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போக, பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கிய தண்ணீர் அந்த ஃப்ளோரைடைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாத இந்த உப்பு பல கிராமங்களில் அதைத் தாண்டியது. பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை படிந்தது, பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் விறைத்தன. இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு, 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டு, 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் மலை ஏறி வருகிறது. இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் பல்லையும் எலும்பையும் நினைத்துப் பார்த்தால், அந்தக் குழாயில் வரும் ஒவ்வொரு சொட்டும் பெரிய காரியம்.

மீன்தொட்டியில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. நமக்குக் கெடுதல் செய்யும் ஃப்ளோரைடு, போர் தண்ணீரில் கால்சியம் நிறைந்திருப்பதால், மீனிடம் அவ்வளவாக வேகம் காட்டுவதில்லை. நம்மைக் காக்கும் குளோரின்தான் மீனைக் கொல்கிறது. 'நல்ல தண்ணீர்' என்று நாம் சொல்வதெல்லாம் நம் நாக்குக்கும் வயிற்றுக்கும் நல்லது என்ற பொருளில்தான். மீனின் தண்ணீரை மீனின் செவுளிலிருந்து பார்க்க வேண்டும்.

அப்படியானால் போர் தண்ணீரையே ஊற்றிவிடலாமா? பெரும்பாலும் அதில் குளோரின் இல்லை, வேண்டிய நேரத்தில் வருகிறது. ஆனால் அதற்கும் தனிக் குணம் உண்டு. காலையில் மோட்டார் போட்டவுடன் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் டம்ளரின் உட்புறம் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழ் ஒட்டியிருக்கும். பூமிக்கடியில் அழுத்தத்தில் கரைந்து கிடந்த வாயுக்கள் வெளியேறுகின்றன. அந்தத் தண்ணீரில் கரியமில வாயு அதிகம், ஆக்சிஜன் மிகக் குறைவு. பிடித்த கையோடு தொட்டியில் ஊற்றினால் மீன் திணறுவது இதனால்தான். அந்தக் கரியமில வாயு கரைந்திருக்கும் வரை, தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். 7க்குப் பக்கத்தில் நிற்கும். வாயு வெளியேறியதும் 8ஐத் தாண்டிவிடும். மாலையில் அளந்தால் வேறு தண்ணீரோ என்று தோன்றும். அதே சமயம் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதி பிரிந்து படியும். வாளியின் அடியில், குழாய் முனையில், கீசர் காயிலில் ஓடு போலக் கட்டும் வெள்ளை இதுதான். ஆகவே போர் தண்ணீரையும் ஓர் இரவு காற்றோட்டத்தில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

பி.எச். 8 என்பதை மீன் தாங்கிக்கொள்ளும். அதோடு அம்மோனியா சேரும்போதுதான் ஆபத்து. மீன் செவுள் வழியாக அம்மோனியாவைக் கழித்துக்கொண்டே இருக்கிறது, தின்னாமல் விட்ட தீவனமும் அழுகி அம்மோனியாவாகிறது. தண்ணீரில் அது இரண்டு உருவில் இருக்கும். ஒன்று செவுளைத் துளைத்து உள்ளே போகும் நஞ்சு, மற்றொன்று ஏறக்குறைய சாது. எது எவ்வளவு என்பதை முடிவு செய்வது பி.எச்.தான். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு உரு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8 என்றால் ஐந்து பங்குக்கு மேல். 8.5 என்றால் பதினைந்து பங்கு. பி.எச். 7 உள்ள தொட்டியில் மீன் தாக்குப்பிடிக்கும் அதே அழுக்கு, போர் தண்ணீர்த் தொட்டியில் மீனைக் கொன்றுவிடும். நம் ஊர்த் தொட்டிகளில் மீன் நெருக்கமாக இருக்கக் கூடாது, தீவனத்தை இரண்டு நிமிடத்தில் தின்னும் அளவுக்கு மேல் போடக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

அந்த அம்மோனியாவை யார் துடைப்பது? தொட்டியின் கல்லிலும் ஸ்பாஞ்சிலும் வழவழப்பாகப் படியும் பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரைட்டும் நஞ்சுதான், நைட்ரேட் அவ்வளவாக இல்லை. பாடப் புத்தகங்களில் இரண்டாவது வேலைக்கு நைட்ரோபாக்டர் என்று பெயர் எழுதியிருக்கும். நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் அமெரிக்காவில் டிமோதி ஹோவானெக் குழு காட்டியது. 2015இல் இன்னும் வியப்பான செய்தி வந்தது. இரண்டு வேலையையும் ஒரே உயிராகச் செய்துமுடிக்கும் நைட்ரோஸ்பைரா வகை உண்டு என்று இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. அதில் ஒரு குழுவுக்கு அது கிடைத்த இடம், மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டர். நாம் 'பாசி, அழுக்கு' என்று குழாயடியில் தேய்த்துக் கழுவித் தள்ளும் அந்த வழவழப்புக்குள்தான் இத்தனையும் நடக்கிறது. குளோரின் தண்ணீரில் ஸ்பாஞ்சைக் கழுவினால் அவை செத்துவிடும். புதுத் தொட்டியில் அவை தாமாகப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். எங்கள் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் மட்டும் சாகவில்லை. மீனைக் காத்துக்கொண்டிருந்த கூட்டமும் அன்றே போய்விட்டது. அடுத்த வாரம் வாங்கி விட்ட மீன்களும் நிலைக்காததற்குக் காரணம் அதுதான்.

மூன்றாவது, கேன் தண்ணீர். ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்தெடுத்த இதில் குளோரினும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. பலர் இதை நிரப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இரண்டு மூன்று வாரம் நன்றாகத்தான் போகும். அதன் பிறகுதான் சிக்கல். நன்னீர் மீனின் உடம்பில் உப்புச் செறிவு வெளியே உள்ள தண்ணீரைவிட அதிகம். அதனால் தோல் வழியாகவும் செவுள் வழியாகவும் தண்ணீர் ஓயாமல் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். மீன் தண்ணீரைக் குடிக்காமல், ஊறி வந்ததை நீர்த்த சிறுநீராக வெளியேற்றி, போன உப்புகளைச் செவுள் செல்களால் தண்ணீரிலிருந்து திரும்பப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரில் உப்பே இல்லையென்றால் பிடிக்க ஏதுமில்லை. அதோடு, அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் அந்த வேலையில் தண்ணீரின் காரத்தைத் தின்றுகொண்டே இருக்கும். போர் தண்ணீரில் அது மூட்டையாகக் கிடக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் சீக்கிரம் தீர்ந்துபோய், ஒருநாள் பி.எச். சரசரவென்று இறங்கிவிடும். கண்ணுக்குத் தண்ணீர் அப்போதும் பளிங்காகத்தான் இருக்கும்.

ஆக, போர் தண்ணீரில் அளவுக்கு மீறி உப்பு, கேன் தண்ணீரில் உப்பே இல்லை. கலந்தால் என்ன? கணக்கு எளிது. டி.டி.எஸ். மீட்டர் இப்போது ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பின் மொத்தத்தைத் தோராயமாகச் சொல்லும் கருவி அது. போர் தண்ணீர் 1,200 காட்டுகிறது, ஆர்.ஓ. தண்ணீர் 50 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாளி போர் தண்ணீருக்கு இரண்டு வாளி ஆர்.ஓ. கலந்தால் 430 பக்கம் வரும். மூன்று வாளி கலந்தால் 340 பக்கம் வரும். பெரும்பாலான மீன்களுக்கு இது போதும். ஆனால் அந்த மீட்டருக்குக் குளோரின் தெரியாது, அம்மோனியா தெரியாது, சோடியமா கால்சியமா என்று தெரியாது. அடுக்குமாடிகளில் சாஃப்ட்னர் போட்ட தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விட்டிருப்பார்கள். மீட்டரில் எண் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். அந்தத் தண்ணீரை நான் தொட்டிக்கு எடுப்பதில்லை. உண்மையாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். தக்காளியும் ரோஜாவும் உரம் போட்டு வளரும் இந்த மண்ணில் நைட்ரேட்டைப் பார்ப்பது மீனுக்கு மட்டுமல்ல, வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்கும் முக்கியம். குடிநீரில் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம்.

ஆர்.ஓ. கலப்பதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வீட்டு இயந்திரம் ஒரு லிட்டர் வடித்துத் தர, இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்குத் தள்ளுகிறது. ஆயிரம் அடி தோண்டியும் தண்ணீர் கிடைக்காமல் விவசாயிகள் நிற்கும் பகுதியில் மீனுக்காக அதைச் செய்வது உறுத்துகிறது. அதனால் நான் மழையை நம்புகிறேன். இங்கே ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில் நல்ல மழை உண்டு. முதல் மழை மாடியின் தூசியைக் கழுவிக்கொண்டு போகட்டும். அடுத்த மழையில் சுத்தமான துணியை வடிகட்டியாகக் கட்டி இரண்டு டிரம் பிடித்து, வெயில் படாமல் மூடி வைத்தால், ஆர்.ஓ. தண்ணீர் செய்யும் வேலையை அது செய்யும். உப்பு ஏறக்குறைய இல்லாத தண்ணீர். போர் தண்ணீரோடு அதே கணக்கில் கலக்கலாம்.

யாரும் கவனிக்காத ஒன்று, ஆவியாகிப் போகும் தண்ணீர். தொட்டியில் மட்டம் இறங்கினால் ஒரு சொம்பு போர் தண்ணீரை ஊற்றி நிரப்புவோம். ஆவியாவது வெறும் தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே இருக்கும். 60 லிட்டர் தொட்டியில் வாரத்துக்கு நான்கு லிட்டர் ஆவியாகிறது, அதை டி.டி.எஸ். 1,200 உள்ள தண்ணீரால் நிரப்புகிறோம் என்றால், வாரத்துக்கு ஏறக்குறைய ஐந்து கிராம் உப்பு சேர்கிறது. அதே போர் தண்ணீரால் தொடங்கிய தொட்டி என்றால், மூன்று மாதத்தில் அதன் டி.டி.எஸ். 2,100ஐத் தாண்டும். சுண்ணாம்பாகப் படிந்ததைக் கழித்தாலும் மிகவும் அதிகம். பழைய மீன்கள் மெல்ல மெல்ல ஏறியதால் பழகியிருக்கும். கடையிலிருந்து புதிதாக வரும் மீன் இரண்டே நாளில் செத்துவிடும். "உங்க கடை மீன் சரியில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். ஓசூரில் நான் மீன் வாங்கும் கடைக்காரர், மீனைப் பையில் போடுமுன் "என்ன தண்ணி சார் ஊத்துறீங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கும் கடையில் நம்பி வாங்கலாம். குறைந்த மட்டத்தை மழைத் தண்ணீராலோ ஆர்.ஓ. தண்ணீராலோதான் நிரப்ப வேண்டும்.

புதிய மீனைத் தொட்டிக்குப் பழக்குவதும் இதைச் சேர்ந்ததுதான். பையை அரை மணி மிதக்கவிட்டால் வெப்பம்தான் சமமாகும், உப்பு சமமாகாது. ஒரு சின்ன வாளியில் பைத் தண்ணீரோடு மீனை விட்டு, ஏர் பம்ப் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் இறக்க வேண்டும். பெங்களூரிலிருந்தோ சென்னை கொளத்தூரிலிருந்தோ நெடுநேரம் பையில் அடைபட்டு வந்த மீனுக்கு மட்டும் அவ்வளவு நேரம் எடுக்கக் கூடாது. பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும், மீன் விட்ட கரியமில வாயுவால் பி.எச். இறங்கி அது அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு போய், பி.எச். ஏறி, அம்மோனியா நஞ்சாக மாறும். அந்த மீனைச் சீக்கிரம் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

இத்தனை பாடுபட்டுத் தண்ணீரை மீனுக்கு ஏற்றபடி மாற்றுவதைவிட, தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதுதான் எனக்குச் சரி என்று படுகிறது. நியான் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசான் காட்டின் இலைச்சாறு ஊறிய மென்மையான தண்ணீரில் பிறந்தவை. போர் தண்ணீரில் அவற்றை வைப்பது கொடுமை. பாதாம் இலையைப் போட்டுப் பி.எச்.சை இறக்கலாம் என்பார்கள். நம் தண்ணீரில் உள்ள காரத்தின் முன் அந்த இலை தண்ணீரைப் பழுப்பாக்குவதோடு நின்றுவிடும். கப்பி, மோலி, பிளாட்டி, சுவார்ட்டெயில் ஆகிய குட்டி போடும் மீன்களோ கடினத் தண்ணீரை விரும்புபவை. மோலி உப்பங்கழியிலும் வாழும். ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளின் சிக்லிட் மீன்களுக்குப் பி.எச். 8 பிறந்த வீடு. செடியிலும் அப்படித்தான். நம் ஏரிகளில் வளரும் ஹைட்ரில்லாவும் வாலிஸ்னேரியாவும் கடினத் தண்ணீரில் நிறைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே தமக்கு வேண்டிய கரியை எடுத்துக்கொள்ளத் தெரிந்தவை. லண்டனில் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் இரண்டு தங்கமீன்களை வைத்து, செடியும் மீனும் ஒன்றையொன்று காக்கும் என்று காட்டிய தொட்டியில் இருந்ததும் வாலிஸ்னேரியாதான். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கடையில் 'டேங்க் கிளீனர்' என்று தரும் அந்தக் கறுப்பு முள் மீன் பெரிதாகிவிட்டது என்று ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். ஏரியின் நாட்டு மீன்கள் அதோடு போட்டி போட முடியாது.

இப்போது எங்கள் வீட்டுத் தொட்டியில் கப்பிகளும் இரண்டு கறுப்பு மோலிகளும் இருக்கின்றன. சனிக்கிழமை இரவு மாடிப்படிக்குக் கீழே டிரம்மில் போர் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து, ஏர் கல்லைப் போட்டுவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை காலை, தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் டியூபால் அடியிலிருந்து உறிஞ்சி வாளியில் எடுக்கிறோம். ஸ்பாஞ்சை அந்த வாளித் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து திரும்ப வைத்துவிடுகிறோம், குழாயடிக்குக் கொண்டுபோவதில்லை. டிரம்மிலிருந்து ஒரு செம்பு ஒரு செம்பாக மகள்தான் ஊற்றுவாள். ஊற்றும்போது மீன்கள் மேலே ஓடி வருகின்றனவா, செவுள் வேகமாக அடிக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். போன மாதம் ஹைட்ரில்லாக் கொத்துக்குள் கண் மட்டும் தெரிகிற குட்டிகளை அவள்தான் முதலில் பார்த்தாள். வாளியில் எடுத்த மஞ்சள் தண்ணீரை மாடித் தொட்டித் தக்காளிக்கு ஊற்றுகிறோம். அதில் இருக்கும் நைட்ரேட் அதற்கு உரம். ஊற்றுமுன் உள்ளங்கையால் அலசிப் பார்த்துவிட வேண்டும். டியூபோடு ஒரு குட்டி வந்திருக்கலாம்.